காட்டு வழியும் கம்பி வேலியும்

கண்டியிலிருந்து கிழக்கு நோக்கித் தெல்தெனியவைக் கடந்து, ஹுன்னஸ்கிரியவில் பிரிந்து மலையேறும் பாதை, கோர்பெட் கணவாயைத் தாண்டி மீமுரே என்னும் சிற்றூரில் போய் முடிகிறது. தொலைவிலிருந்து பார்ப்போருக்கு மடக்கிய கையின் முட்டிகளைப் போலத் தோன்றியமையால் வெள்ளைக்காரர் அந்த மலைத்தொடருக்கு நக்கிள்ஸ் என்று பெயர் சூட்டினர். ஊர் மக்கள் நாவில் அது தும்பறை மலை. விடுமுறை நாள்களில் இந்தப் பாதையில் இரு சாரார் எதிரெதிரே சந்திக்கின்றனர். முதுகில் மூட்டை கட்டிக்கொண்டு கால்நடையாக மலையேற வருவோர் ஒரு சாரார். பெருஞ்சக்கரம் பூட்டிய ஜீப்புகளிலும் மோட்டார் சைக்கிள்களிலும் சேற்றையும் பாறையையும் கடந்து காட்டுவதில் இன்பம் காண்போர் மற்றொரு சாரார். எஞ்சின் இரைச்சலில் பறவையும் விலங்கும் ஓடிப்போகின்றன, சக்கரம் உழுத தடத்தில் மழைநீர் புகுந்து மண்ணை அரிக்கின்றது, புல்வெளி சேறாகின்றது என்று முந்தியவர் முறையிடுகின்றனர். இது அரசாங்கக் காடு, எல்லோருக்கும் பொது, நடக்க வலுவில்லாதவன் மலையைப் பார்க்கக் கூடாதா என்று பிந்தியவர் கேட்கின்றனர். 2022 அக்டோபரில் யால வனப் பூங்காவுக்குள் ஜீப் வண்டிகள் கும்பலாகப் புகுந்து விலங்குகளின் நடுவே தாறுமாறாக ஓடியபோது நாடே பதைத்தது. அதன்பின் இந்த வாக்குவாதம் மேலும் சூடேறியிருக்கிறது.

இது நமக்கு மட்டும் உரிய சச்சரவன்று. அமெரிக்காவின் மேற்கு மலைகளில் பனிக்காலம் வந்தால், காலில் சறுக்குக் கட்டைகளைப் பூட்டிக்கொண்டு தன் மூச்சை நம்பி மலையேறுவோருக்கும், பனியின்மேல் ஓடும் மோட்டார் வண்டிக்காரருக்கும் பல பத்தாண்டுகளாக வழக்கு நடந்து வருகிறது. எந்தப் பொது நிலத்தில் இத்தகைய வண்டிகள் ஓடலாம், எதில் ஓடக் கூடாது என்று வரையறுக்கும்படியும், நிலத்தைப் பயன்படுத்தும் பல சாராருக்கிடையே மூளும் மோதலைக் குறைக்கும்படியும் 1972இல் ஜனாதிபதி நிக்ஸன் தம் இலாகாக்களுக்கு ஆணையிட்டார். அரை நூற்றாண்டு கழிந்தும் வழக்கு தீர்ந்தபாடில்லை. இரு கட்சியாரும் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு கோடு எங்கே விழவேண்டும் என்று வாதாடுகின்றனர். ஒப்பந்தங்களை எழுதியும் எழுதியவற்றை மீறியும் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் அது என்ற செய்தி மட்டும் அந்த வரைபடத்தில் இடம் பெறுவதில்லை.

நடப்போர் பக்கமே நியாயம் அதிகம் என்பது நம் கருத்து. அதை மூடி மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. ஒரு மனிதனின் காலடி பட்ட புல் மறுநாள் நிமிர்ந்துவிடும். ஜீப்பின் சக்கரத்தில் நசுங்கிய புல் அப்படி நிமிர்வதில்லை. ஆயினும் இரு சாராரும் ஒருமித்து ஏற்றுக்கொண்டிருக்கும் ஒன்றைத்தான் நாம் இங்கே கேள்விக்குள்ளாக்க விரும்புகிறோம். தும்பறைக் காடு அரசாங்கக் காடு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அது எப்படி அரசாங்கக் காடாயிற்று? கண்டி மலைநாட்டில் வழிகளைத் திறந்தவர் யார், அடைத்தவர் யார்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால், இன்றைய சண்டை ஒரு பழைய சண்டையின் கடைசிப் பக்கம் என்பது புலனாகும்.

கண்டி இராச்சியம் வழிகளைப் பற்றி மிகவும் கவலைப்பட்ட இராச்சியம். கடற்கரையைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அடுத்தடுத்துப் பிடித்துக்கொண்ட நிலையில், மலைநாட்டு அரசர்களுக்குக் காடே கோட்டையாயிற்று. பாதைகள் ஒருவர் பின் ஒருவராகச் செல்லும் அளவுக்குக் குறுகியே இருந்தன. முக்கியமான இடங்களில் முள்மரக் கதவுகள் கட்டப்பட்டுக் காவல் வைக்கப்பட்டது. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், இந்த முட்கதவுகளைப் பற்றியும், கதவைக் கடப்பவர் களிமண்ணில் பதித்த முத்திரையை அனுமதிச் சீட்டாகக் காட்ட வேண்டியிருந்தது பற்றியும் 1681இல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். இந்தக் குறுகிய வழிகளின் பலன் 1803இல் தெரிந்தது. கண்டியைப் பிடித்த ஆங்கிலப் படை நோயாலும் பசியாலும் நலிந்து, வெளியேற வழியின்றி, மேஜர் டேவியின் தலைமையில் மகாவலி கங்கைக் கரையில் சரணடைந்து அழிந்தது.

அந்தக் காலத்தைப் பொற்காலமென்று புகழ நாம் முற்படவில்லை. சாதிக்கொரு கடமையென்று விதித்து மக்களிடம் இராசகாரிய வேலை வாங்கிய ஆட்சி அது. சுவருக்கு வெள்ளையடிக்கவும் கூரைக்கு ஓடு வேயவும்கூட அரசனின் தயவு வேண்டியிருந்தது. அரண்மனைக்கு மேலே இருந்த உடவத்தக் காடு அரசனுக்கே உரிய தடைவனமாக இருந்தது. ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஒரு கிராமம் என்பது வயலும் வீட்டுத்தோட்டமும் மட்டுமன்று. வயலுக்கு மேலே சேனை வெட்டும் சரிவும், அதற்கு மேலே விறகும் தடியும் மூலிகையும் எடுக்கும் காடும், எருமை மேயும் பற்றைப் புல்வெளியும் சேர்ந்ததே கிராமம் என்ற வழக்கம் நிலவியது. ஒரு சரிவை வெட்டி எரித்து, குரக்கனோ சாமையோ விதைத்து அறுத்தபின், பல ஆண்டுகள் தரிசாக விட்டு மீண்டும் அதற்கே திரும்பி வருவான் விவசாயி. தரிசாகக் கிடந்த காலத்திலும் அது யாருடைய சேனை என்பது ஊருக்குத் தெரியும். எழுத்தில் இல்லை; நினைவில் இருந்தது.

1815 மார்ச் 2இல் கண்டிப் பிரதானிகளோடு செய்த உடன்படிக்கையால் ஆங்கிலேயர் மலைநாட்டைப் பெற்றனர். மூன்றே ஆண்டுகளில் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி அவர்களை உலுக்கியது. கிளர்ச்சியை இரத்தத்தில் அமிழ்த்திய பின்னர், மலைநாட்டை அடக்கி வைக்க வழி வேண்டும், அதுவும் பீரங்கி வண்டி உருளும் வழி வேண்டும் என்று தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் உணர்ந்தார். கொழும்பு - கண்டிப் பெருந்தெரு இவ்வாறுதான் பிறந்தது. கடுகண்ணாவைச் சரிவில் பாறையைக் குடைந்தும் மலையை வெட்டியும் அந்தத் தெருவை அமைத்த மக்கள் கூலி பெற்றவர்களல்லர்; அரசன் போன பின்பும் ஆங்கிலேயர் கைவிடாமல் வைத்துக்கொண்ட இராசகாரியத்தால் பிடித்து வரப்பட்டவர்கள். தெருவை அமைத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவருக்கு எழுப்பிய தூபி இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. கல்லுடைத்துக் காய்ச்சலில் மாண்டவர்களுக்குத் தூபி எழுப்பும் வழக்கம் அன்று இருக்கவில்லை.

படைக்கென்று திறந்த தெருவில் பின்னால் வந்தது கோப்பி. தேசாதிபதி பார்ன்ஸே பேராதனைக்கருகில் கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் போட்டார். கம்பளைப் பக்கம் சிங்ஹபிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் அதற்குச் சற்று முன்னரே தொடங்கியிருந்தார். 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் கோச்சு ஓடியது. அதே ஆண்டில் இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. அதை விடுதலை என்று சொல்வதில் பிழையில்லை. ஆயினும் பிரபுக்களுக்கும் அரசனுக்கும் கட்டுப்பட்டிருந்த உழைப்பு சந்தைக்கு வரவேண்டும் என்ற முதலாளித்துவத்தின் தேவையும் அதில் கலந்திருந்தது என்பதை மறத்தலாகாது. உழைப்பு சந்தைக்கு வந்தால் நிலமும் வரவேண்டுமல்லவா?

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த வேலையைச் செய்தது. முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பது என்பது அதன் பெயர். பெயரைப் பார்த்தால் ஏற்கெனவே முடிக்குரியதாக இருந்த காணியைக் கள்வரிடமிருந்து காக்க வந்த சட்டம்போலத் தோன்றும். உள்ளே இருப்பது வேறு. காடும் தரிசும், குடியிருக்காத பயிரிடாத நிலம் யாவும், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்கே சொந்தமென்று அனுமானிக்கப்படும் என்றது அது. பழைய கண்டி மாகாணங்களைப் பொறுத்தவரை சேனை நிலங்களும் முடிக்கே உரியவை. உரிமை கொண்டாடுபவன் அரசன் கொடுத்த சன்னசு ஒன்றை எல்லைகளுக்குரிய சான்றோடு காட்ட வேண்டும், அல்லது முந்திய இருபது ஆண்டுகளுக்குள் வழக்கமான வரியோ கடமையோ செலுத்தியதை மெய்ப்பிக்க வேண்டும். கண்டி நாட்டில் காணித் தோம்பு எழுதி வைக்கும் வழக்கம் இருக்கவில்லை என்பதைச் சட்டமே ஒத்துக்கொள்கிறது! ஏடு இல்லாத நாட்டில் ஏட்டைக் காட்டு என்று கேட்பதுதான் சட்டத்தின் சாமர்த்தியம். ஊரார் நினைவில் இருந்த உரிமை ஒரே நாளில் அத்துமீறலாயிற்று.

இவ்வாறு முடிக்குரியதான காணி ஏக்கருக்கு 5 ஷில்லிங் என்ற விலைக்கு விற்கப்பட்டது. 1844இல்தான் அது 20 ஷில்லிங்காக உயர்ந்தது. வாங்கியவர் யார்? துரைமார் மட்டுமல்லர். நீதிபதிகள், படை அதிகாரிகள், அரசாங்க அதிபர்கள், சட்டசபை அங்கத்தவர்கள் ஆகியோரும் வாங்கினர். சட்டத்தை எழுதிய கையும் உறுதியை வாங்கிய கையும் பல சமயங்களில் ஒரே கையாக இருந்தன. தோட்டம் கவனிக்கும் அதிகாரிகளால் ஆட்சிக் கருமம் கெட்டுப்போவதைக் கண்டு பின்னர் அரசாங்கமே அவர்கள் காணி வாங்குவதைத் தடுக்க நேர்ந்தது.

இனி எருமைகளின் கதைக்கு வருவோம். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையே அன்றாடம் நடந்த போர் மாடுகளின் பேரால் நடந்த போர். கண்டி விவசாயிக்கு எருமை இன்றி வயல் இல்லை. சேற்றை மிதிப்பதும் அதுதான், சூடு மிதிப்பதும் அதுதான். வேலை இல்லாத மாதங்களில் எருமைகளை மேட்டு நிலத்தில் மேயவிட்டு விடுவார்கள். மேட்டில் பயிர் செய்பவன்தான் தன் பயிருக்கு வேலி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். கோப்பித் தோட்டம் வந்து மேட்டைப் பிடித்துக்கொண்டது. துரை நூற்றுக்கணக்கான ஏக்கருக்கு வேலி போடச் செலவிட விரும்பவில்லை. மாட்டுக்காரன் மாட்டைக் கட்டிவைக்கட்டும் என்றார். எருமைக்கு 1840ஆம் ஆண்டுச் சட்டம் தெரியாது. பாட்டன் எருமை போன வழியிலேயே அதுவும் போயிற்று. தோட்டத்தார் மாடுகளைப் பிடித்து அடைத்துத் தண்டம் கேட்டனர். சில இடங்களில் சுட்டும் கொன்றனர். சட்டம் யார் பக்கம் சாய்ந்தது என்று சொல்லவும் வேண்டுமா? கால்நடை அத்துமீறல் பற்றி 1835 முதல் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1876ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவற்றை ஒழுங்குபடுத்தியது. வேலி போடும் கடமை மெல்ல மெல்ல இடம் மாறி, மாட்டைத் தடுக்கும் கடமையாக ஏழையின் தலையில் வந்து விழுந்தது.

கோப்பித் தோட்டங்கள் கிராமத்தின் வயலை அவ்வளவாகப் பறிக்கவில்லை, பறித்தது பெரும்பாலும் உயர்ந்த காட்டையே என்று பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் காட்டியிருக்கின்றனர். இந்தக் கருத்தை நம் தோழர்களிற் சிலர் கேட்கவே விரும்புவதில்லை. கேட்பதில் நட்டமில்லை. வயல் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மேய்ச்சலும் விறகும் சேனையும் போனபின், மேலே கம்பி வேலியும் கீழே வயலுமாக நெருக்கப்பட்ட கிராமம் எப்படி வாழும்? உடலின் எந்த உறுப்பையும் வெட்டாமல் கழுத்தை மட்டும் இறுக்கினால் அது காயமில்லை என்று ஆகிவிடுமா?

1848இல் மக்கள் பதில் சொன்னார்கள். தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று அடுக்கிக்கொண்டு போனார். எல்லாவற்றிலும் கொடியது தெருச் சட்டம். 18 வயதிலிருந்து 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவில் உழைக்க வேண்டும், இல்லையேல் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். இராசகாரியம் மீண்டும் வந்துவிட்டது என்று மலைநாடு கொதித்தது. தன் காட்டு வழியை அடைத்துவிட்டு, துரையின் கோப்பி வண்டி போகும் வழிக்குத் தன்னையே கல்லுடைக்கச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? ஜூலை 6இல் ஆயிரக்கணக்கானோர் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டனர். அந்த மாத இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டார்; கிளர்ச்சிக்காரர் மாத்தளையில் புகுந்தனர். இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். குடாப்பொல தேரர் காவியுடையோடே சுடப்பட்டார். இங்கிலாந்துப் பாராளுமன்றம்வரை எட்டிய விசாரணையின் முடிவில் 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். காணிச் சட்டம் போகவில்லை.

கண்டி நகரத்தின் தெருப்பெயர்களைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று. அரசனின் தடைவனமாக இருந்த உடவத்தக் காட்டுக்குள் தேசாதிபதி ஹோர்ட்டனின் மனைவி உலாவுவதற்கு ஒரு பாதை வெட்டப்பட்டது; இன்றும் அது ஹோர்ட்டன் சீமாட்டியின் பெயரையே தாங்கி நிற்கிறது. பைரன் கவி பாடிய அழகி அவர் என்பார்கள். அது மெய்தான், ஆனால் பாதையை வெட்டியவரைப் பற்றி யாரும் கவி பாடவில்லை. புரன் அப்புவைச் சுட்ட டொரிங்டனின் சீமாட்டிக்கும் கண்டியில் ஒரு தெரு உண்டு. 1856இல் உடவத்தக் காடு ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் பிரகடனமாயிற்று. நகரத்தின் நடுவே நூறு ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட காடு பிழைத்திருப்பது நல்ல செய்திதான். அரசன் தடுத்த காடு, துரைசானி உலாவிய காடாகி, இன்று சீட்டு வாங்கி நுழையும் காடாகியிருக்கிறது.

மலையுச்சிக் காடுகளுக்கு வேறொரு விதி வந்தது. கோப்பிக்காகக் காடுகள் மொட்டையடிக்கப்படுவதைக் கண்டு, கியூ தாவரவியல் பூங்காவின் அதிபர் ஜோசப் ஹூக்கர் எச்சரித்ததன் பேரில், 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை விற்பதும் வெட்டுவதும் நிறுத்தப்பட்டன. இன்று தும்பறை உச்சிகளில் குள்ளமரக் காடு நிற்கிறதென்றால் அதற்கு இந்த விதியே முதற் காரணம். நன்மையை நன்மை என்றே சொல்ல வேண்டும். ஆனால் 5,000 அடிக்குக் கீழே உள்ளதெல்லாம் அநேகமாகத் தோட்டமான பின்னர்தான் இந்த ஞானம் பிறந்தது. 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம், அறிவித்தல் வெளியிட்ட மூன்று மாதத்துக்குள் உரிமை கோராதவன் உரிமை இழந்தான் என்றது. 1907ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டம், ஒதுக்குக் காட்டினுள் நுழைவதையும் மாடு மேய்ப்பதையும் குற்றமாக்கியது. இன்று நடைபயணியும் ஜீப்புக்காரனும் நின்று வாதாடும் கதவு அந்தச் சட்டத்தின் கதவுதான். பலமுறை திருத்தப்பட்டும் அடிப்படை மாறவில்லை.

இதுவரை சிங்களக் கிராமத்தவன் வழியைப் பற்றியே பேசினோம். தமிழ்த் தொழிலாளி வந்த வழி இதனினும் கொடியது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள் அவர்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் தாகமும் வழிநெடுக அவர்களை உண்டன. பிழைத்து வந்தவர்கள் காட்டை வெட்டிக் கோப்பி நட்டனர். கோப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டனர். தெருவும் இரயில் பாதையும் போட்டனர். 1867இல் கண்டிக்கு இரயில் வந்தது; அதே ஆண்டில் கலஹாவுக்கருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். இவ்வளவு வழி திறந்தவனுக்குத் தன் லயத்துக்குப் போகும் வழி சொந்தமில்லை. லயத்து வாசல்வரை தோட்டக் காணி. தோட்டக் காணியில் துரையின் உத்தரவின்றி உறவினன் வந்தாலும் அத்துமீறல், சங்கத்தான் வந்தாலும் அத்துமீறல். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் தொழிலாளியைச் சந்திக்கப் புடைவை வியாபாரி வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்றால், அந்த வேலியின் உறுதியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். துணிமூட்டை போகலாம், தொழிற்சங்கம் போகக் கூடாது.

வேலிக்கு உள்ளிருந்தே ஒருவர் கலகம் செய்தபோது துரைமார் கலங்கிப்போயினர். தும்பறை மலையடிவாரத்தில் மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்த அவுஸ்திரேலிய இளைஞர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில், தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு சமசமாஜக் கட்சியில் சேர்ந்து மேடையேறினார். 1937 ஏப்ரலில் தேசாதிபதி அவரை நாடு கடத்த உத்தரவிட்டார். அவர் தலைமறைவானார், மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாதென்று தள்ளியது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டவிலுள்ள மூல் ஓயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸார் சுட்டதில் மடிந்தார். கண்டியிலிருந்து ஒரு காலை நேரத்தில் போய்வரக்கூடிய இடங்கள் இவை. மலையேற வரும் இளைஞரில் எத்தனை பேருக்கு மடுல்கலை என்றதும் பிரேஸ்கேர்டில் நினைவுக்கு வருவார்?

இதே காலத்தில் இங்கிலாந்திலும் ஓர் அத்துமீறல் நடந்தது. மன்செஸ்டர் நகரத்து ஆலைத் தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமையில் புகையிலிருந்து தப்பி மலைக்குப் போனால், பிரபுக்கள் பறவை வேட்டையாடுவதற்கென்று அந்த மலைகள் பூட்டப்பட்டிருந்தன. 1932 ஏப்ரல் 24இல், பெனி ரொத்மன் என்னும் பொதுவுடைமை இளைஞரின் தலைமையில் நூற்றுக்கணக்கானோர் கிண்டர் ஸ்கவுட் மலைமீது திரண்டு நடந்தனர். ஐவர் சிறை சென்றனர். 1949இல் தேசியப் பூங்காச் சட்டமும், 2000இல் திறந்த மலைகளில் நடக்கும் உரிமையும் அந்த மண்ணில் வந்தமைக்கு அந்த நடையும் ஒரு காரணம். அங்கே வேலி விலகியது. ஏனெனில் வேலிக்கு எதிரே நின்றவர்கள் ஓரணியில் நின்றனர்.

நம் மலைநாட்டில் நடந்தது வேறு. 1946இல் கேகாலைப் பகுதியில் நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விஸ்தரிப்புக்கென்று அரசாங்கம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்த தமிழ்த் தொழிலாளரை வெளியேறச் சொன்னது. மறுத்தவர்கள்மீது அத்துமீறல் வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்காகத் தோட்டங்கள் தோறும் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. நூறாண்டுக்குமுன் கண்டி விவசாயிமீது பாய்ந்த அதே சொல் இப்போது, அவனுக்குக் காணி கொடுப்பதற்காகவே, தோட்டத் தொழிலாளிமீது பாய்ந்ததைக் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து அந்தத் தொழிலாளியை நாடற்றவனாக்கியது. 1949இல் நியமிக்கப்பட்ட கண்டி விவசாயிகள் ஆணைக்குழு, தோட்டங்களால் சூழப்பட்ட கிராமங்களின் வறுமையை 1951இல் எடுத்துரைத்தது. அதில் பொய்யில்லை. 1972இன் காணிச் சீர்திருத்தம் தனியாருக்கு 50 ஏக்கர் என்ற உச்சவரம்பை விதித்தது. 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இடதுசாரிகள் பல்லாண்டு கேட்ட கோரிக்கை நிறைவேறியது. நிறைவேறிய விதமோ வேதனைக்குரியது. கம்பெனிகள் நட்டஈடு பெற்றுக்கொண்டு போயின. தோட்டக் காணி கிராமத்தவருக்குப் பங்கிடப்பட்டபோது லயத்திலிருந்தவன் பெயர் பட்டியலில் இல்லை. பல இடங்களில் அவன் அடித்து விரட்டப்பட்டான். 1977 மே மாதத்தில், 7,000 ஏக்கரைப் பங்கிடுவதை எதிர்த்துத் தலவாக்கலைப் பக்கம் டெவன் தோட்டத்தில் நடந்த போராட்டத்தில் சிவனு லெட்சுமணன் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டை இழந்த விவசாயியும் காட்டை வெட்டவைக்கப்பட்ட கூலியும் ஒருவரையொருவர் அந்நியனென்று நோக்கிக் கைகலந்து நிற்க, 1840இல் நிலத்தை எழுதி எடுத்தவர் கப்பலேறிப் போய்விட்டார்.

தும்பறைக்கே திரும்புவோம். தேயிலைக்கும் மேலே, காட்டின் அடிமரங்களை வெட்டி நிழல் மரங்களை விட்டு, ஏலம் பயிரிடும் தொழில் அந்த மலையில் நெடுங்காலம் நடந்தது. அதனால் காட்டின் கீழ்த்தளம் அழிந்தது. ஏலக்காயை உலர்த்த விறகு எரிந்தது. 2000ஆம் ஆண்டில் தும்பறையின் மேற்பகுதி பேணற் காடாகப் பிரகடனமாயிற்று; 2010இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையில் சேர்த்தது. இவை வேண்டிய காரியங்களே. ஆனால் பிரகடனத்தின் பாரம் யார்மீது விழுந்தது? ஏலம் பறித்துக் கூலி பெற்ற சுற்றூர்க் குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின. காட்டில் தேனும் கித்துளும் எடுத்தவன், மாடு ஓட்டியவன், தன் பழைய வழியில் கால் வைத்தால் வழக்கு. மலையடிவாரத்து லயங்களில் இருப்போருக்கு வீட்டுத் திட்டங்கள் வந்தபோது கிடைத்தது 7 பேர்ச் நிலம்; அதுவும் எல்லோருக்கும் எட்டவில்லை. மறுபுறம், சீட்டு வாங்கிய நடைபயணிக்கும் வண்டி வைத்திருப்பவனுக்கும் மலையில் யார் உரிமை பெரிதென்ற விவாதம்.

வண்டிகளைக் காட்டுக்கு வெளியே நிறுத்துவது கடினமான காரியமன்று. பாதை முடியும் இடத்தில் ஒரு தடையும், தண்டம் வாங்கத் துணிந்த ஓர் அதிகாரியும் போதும். அந்தத் தடை எங்கே விழவேண்டும் என்று கூடிப் பேசும் மேசையில் வன இலாகாவும் உல்லாசப் பயணத் துறையும் சாகசச் சங்கங்களும் அமர்கின்றன. மீமுரே விவசாயிக்கும், ரங்கலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவளுக்கும், பழைய ஏலத் தொழிலாளிக்கும் அங்கே நாற்காலி போட வேண்டும் என்று நடைபயணிகள் முதலில் கேட்கட்டும். அப்படிக் கேட்டால் ஜீப்புக்கு எதிரான அவர்கள் வாதம் இன்னும் பலம் பெறும். ஏனெனில் ஊருக்குள் ஓடும் ஓடையில் சேறு கலக்குவது யாருடைய சக்கரம் என்பதை ஊரார்தான் சாட்சி சொல்ல முடியும்.

ஏலக்காய் உலர்த்திய பழைய கொட்டகைகளின் சுவர்கள் தும்பறைக் காட்டினுள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. கூரை போய்விட்டது, சுவரைப் பாசி மூடியிருக்கிறது. மலையேற வந்தவர்கள் அந்தச் சுவரோரம் உட்கார்ந்துதான் சோற்றுப் பொதியை அவிழ்க்கின்றனர்.